இடகலை, பிங்கலை என்பவை இரண்டு நுரையீரல்களா?

நீலவேணி

வணக்கம். யோகா ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். போன வாரம் நாடி சுத்தி (இரண்டு மூக்குத் துளைகளிலும் மாறி மாறி மூச்சு விடும் பயிற்சி) பாடம். வகுப்புச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார்கள். இடது மூக்குத் துளையிலிருந்து ஒரு நீலக் கோடு இறங்கி இடது நுரையீரலுக்குள் போகிறது. பக்கத்தில் "இடகலை, சந்திரன், குளிர்ச்சி". வலது துளையிலிருந்து சிவப்புக் கோடு வலது நுரையீரலுக்குள். பக்கத்தில் "பிங்கலை, சூரியன், வெப்பம்". இடது துளையில் இழுத்தால் இடது நுரையீரல் நிறையும், உடம்பு குளிரும் என்றார் ஆசிரியர்.

பிளஸ் டூ உயிரியலில் ஒரே மூச்சுக்குழாய் என்றுதானே படித்தோம்? நாளைக்கு நானும் பத்துப் பேருக்கு இதையே சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்தப் படம் சரியா? பழைய நூல்களில் உண்மையிலேயே இப்படித்தான் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உடற்கூறு மேசை

படம் தவறு அம்மா. மூக்கின் நடுச்சுவர் மூக்கோடு முடிந்துவிடுகிறது. அதன் பின்னால், அண்ணத்துக்கு மேலே இருக்கும் தொண்டைப் பகுதிக்கு வந்ததும் இரண்டு துளைகளின் காற்றும் கலந்துவிடும். அப்புறம் குரல்வளை, அதற்குக் கீழே 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே குழாய். கழுத்துக் குழியிலிருந்து விரலை மார்பெலும்பின் மேல் மெல்ல இறக்கிக்கொண்டே வாருங்கள். சுமார் 5 சென்டிமீட்டரில் குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். அந்த மட்டத்தில்தான் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. எந்தத் துளையில் இழுத்தாலும் காற்று அந்தப் பிரிவுக்கு வந்துதான் இரண்டு பக்கமும் போக வேண்டும்.

இன்னொன்று, இரண்டு நுரையீரலும் ஒரே மாதிரியானவை அல்ல. வலதில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. இதயம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் அதற்கு இடம் விட்டு இடது நுரையீரல் சற்றுச் சிறுத்திருக்கும். வலது கிளைக்குழாய் அகலமானது, நீளம் குறைவு, ஏறக்குறைய நேராக இறங்குகிறது. வேர்க்கடலை புரையேறி உள்ளே போய்விட்டால் பெரும்பாலும் வலது பக்கம் தேடுவதற்கு இதுதான் காரணம். சூரியன் சந்திரன் மாதிரி ஒன்றுக்கொன்று சரிசமமான ஜோடியாக இவற்றை வரையவே முடியாது.

உடற்கூறியல் வகுப்பில் பல வருடம் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஃபார்மலினில் பாடம் செய்த நுரையீரல் கெட்டியாக இருக்கும். அதைப் பார்த்து எதுவும் புரியாது. பிரேதப் பரிசோதனையில் புதிதாக எடுத்ததைக் கையில் வாங்கினால்தான் தெரியும். அவ்வளவு பெரிய உறுப்பு, எடையே இல்லாத மாதிரி இருக்கும். விரல்களுக்கு நடுவில் மெல்ல அழுத்தினால் உள்ளே காற்றறைகள் நறநறவென்று நகர்வது தோலுக்குத் தெரியும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். ஒரு முறைகூட மூச்சு விடாமல் இறந்து பிறந்த சிசுவின் நுரையீரல் மூழ்கிவிடும். நகரத்தில் வாழ்ந்தவர்களின் நுரையீரல் மேற்பரப்பில் கரும்புள்ளிகளும் மெல்லிய கருங்கோடுகளும் ஓடும். புகைபிடிக்காதவர்களுக்கும் உண்டு. ஆயுள் முழுக்க இழுத்த கரித்தூள் அது.

மூச்சுக்குழாய் சுமார் 23 தடவை கிளைத்துக் கிளைத்துப் போய், 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகளில் முடிகிறது. அத்தனையையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சவ்வு, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறைவிட மெல்லியது. இதைச் சொல்லிக்கொடுத்தாலே மாணவர்கள் வாய் பிளப்பார்கள். நீலக் கோடும் சிவப்புக் கோடும் தேவையில்லை.

தென்பொதிகை

மேலே ஐயா சொன்ன உடற்கூற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் படத்தின் பழியைச் சித்தர்கள் தலையில் போடக் கூடாது.

மூச்சோட்டத்தைப் பற்றிப் பேசும் சரநூல் மரபில் இடகலை பிங்கலை பற்றிய பேச்சு மூக்கில்தான் தொடங்குகிறது. இப்போது எந்தத் துளையில் காற்று தாராளமாக ஓடுகிறது என்று புறங்கையை மூக்குக்குக் கீழே வைத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் சரம் பார்த்தல். திருமந்திரத்தின் வார சரப் பாடலில் வெள்ளி, திங்கள், புதன் ஆகிய நாட்களுக்கு இடம். சனி, ஞாயிறு, செவ்வாய்க்கு வலம். வியாழனுக்கு வளர்பிறையில் இடம், தேய்பிறையில் வலம் என்று வரும். உள்ளே நாடிகள் 72,000, அவற்றில் முக்கியமானவை பத்து என்பார்கள். இடகலையும் பிங்கலையும் முதுகுத்தண்டை ஒட்டி ஏறி இறங்குகின்றன, சுழுமுனை நடுவே நிற்கிறது. இந்த வர்ணனையில் எங்குமே நுரையீரல் ஒரு பாத்திரமாக வருவதில்லை. எனக்குத் தெரிந்த பாடல்கள் எல்லாவற்றிலும் பேச்சு காற்றைப் பற்றித்தான், காற்றை வாங்கும் பையைப் பற்றி அல்ல.

யோகதண்டம் பார்த்திருப்பீர்கள், முனிவர் படங்களில் கவைக்கோல் மாதிரி இருக்கும். அது சாய்ந்து உட்கார மட்டும் அல்ல. ஒரு பக்க அக்குளில் அதை வைத்து அழுத்தினால் எதிர்ப்பக்க மூக்குத் துளை திறந்துகொள்ளும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலும் வலது துளை மெல்லத் திறக்கும். இன்று ராத்திரியே செய்து பார்க்கலாம்.

காவிரிக்கரை

அப்படியென்றால் சரம் பார்ப்பது என்பது எந்தப் பக்கம் மூக்கு அடைத்திருக்கிறது என்று பார்ப்பதுதானா? தாத்தா வெளியே கிளம்பும் முன் மூக்கில் கை வைத்துப் பார்ப்பார். சரம் ஓடுகிற பக்கத்துக் காலைத்தான் முதலில் எடுத்து வைப்பார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

உடற்கூறு மேசை

தம்பி, நல்ல கேள்வி. சளி பிடிக்காதபோதும் இது நடக்கிறது. மூக்கினுள்ளே பக்கச் சுவரில் சுருள் எலும்புகள் இருக்கின்றன. அவற்றைப் போர்த்திய சவ்வு ரத்தம் நிறைந்தால் உப்பும், வடிந்தால் சுருங்கும். ஒரு பக்கம் உப்பும்போது மறுபக்கம் சுருங்குகிறது. சில மணி நேரம் கழித்து மாறுகிறது. எல்லோருக்கும் ஒரே கால அளவு இல்லை, சிலருக்கு இந்த மாற்றம் தெளிவாகவே இருக்காது. தானியங்கி நரம்பு மண்டலம் நடத்தும் வேலை அது. ஐரோப்பிய மருத்துவத்தில் 1895-இல் ரிச்சர்டு கைசர் என்ற ஜெர்மானியர் இதை விவரித்து எழுதினார். அக்குள் அழுத்தத்துக்கும் ஒருக்களித்துப் படுப்பதற்கும் மூக்கு இப்படிப் பதில் சொல்வதும் சோதித்து உறுதிப்பட்டதுதான்.

ஆக, சரம் மாறுகிறது என்று நம்மவர்கள் கைசருக்குப் பல நூற்றாண்டு முன்பே கவனித்திருக்கிறார்கள். அந்தக் கவனிப்பை நான் மனதார மதிக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை வலப்பக்கம்தான் ஓட வேண்டும் என்பது மட்டும் உடற்கூற்றுக்கு உட்பட்டது அல்ல. சவ்வுக்குக் கிழமை தெரியாது.

சித்த மருத்துவர் (திருநெல்வேலி)

தென்பொதிகை அவர்கள் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நம் பழைய மருத்துவத்தில் நுரையீரலின் இடம் எது என்பது பலர் யோசிக்காத விஷயம்.

ஆயுர்வேத நூலாசிரியர் சுஸ்ருதர் பிணத்தை ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்து, தோலை அடுக்கடுக்காகத் தேய்த்து எடுத்துப் பார்க்கச் சொன்னவர். அவர் நுரையீரல் ரத்தத்தின் நுரையிலிருந்து உண்டானது என்கிறார். வெட்டிய நுரையீரலை அமுக்கினால் வெளியே வரும் சிவந்த நுரையைப் பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும். அதே சுஸ்ருதர், இதயத்துக்குக் கீழே இடப்பக்கம் மண்ணீரலும் நுரையீரலும், வலப்பக்கம் கல்லீரலும் க்லோமமும் என்று வைக்கிறார். இந்த க்லோமம் எது என்று இன்றுவரை உரையாசிரியர்களுக்குள் சண்டை. கணையம் என்பார்கள், பித்தப்பை என்பார்கள், வலது நுரையீரல்தான் என்பாரும் உண்டு. இன்னொரு ஆயுர்வேத நூலாசிரியரான சரகர் உடம்பின் உள்ளுறுப்புகளைப் பதினைந்தாக எண்ணும் பட்டியலில் நுரையீரலின் பெயரே இல்லை.

பின்னால் வந்த சார்ங்கதர சம்ஹிதை இன்னும் சுவையானது. நாபியில் இருக்கும் பிராணவாயு இதயத் தாமரையைத் தொட்டு, தொண்டை வழியாக வெளியே போய், ஆகாயத்து அமுதத்தைப் பருகி, வேகமாக உள்ளே திரும்பி வந்து உடம்பை எல்லாம் வளர்க்கிறது என்று அதில் வருகிறது. மூச்சுவிடுதலை இவ்வளவு அழகாகச் சொன்ன இடம் வேறு இல்லை என்று நினைக்கிறேன். சிலர் "பார், அந்தக் காலத்திலேயே ஆக்சிஜன் சொல்லிவிட்டார்கள்" என்று மேடையில் முழங்குகிறார்கள். ஆனால் பிராணன் கிளம்புவது நாபியிலிருந்து. அதே நூல் நுரையீரலை உதானவாயுவின் இருப்பிடம் என்கிறது, பிராணனுடையது என்று சொல்லவில்லை. பேச்சு, முயற்சி, மேலெழும் சக்தி எல்லாம் உதானனின் வேலை. நவீன உடலியலை இதன் மேல் அப்படியே போட்டால் பொருந்தாது. பொருந்த வைக்க இழுத்தால் மூலநூல்தான் கிழியும்.

சக்கரங்கள் என்று சொல்லப்படும் ஆதாரங்களிலும் இதே கதைதான். இப்போது எல்லா யோகா மையங்களிலும் தொங்கும் வண்ணப்படம் பூர்ணானந்தர் 1577-இல் எழுதிய வங்காள மரபு நூலைச் சார்ந்தது. 1919-இல் ஜான் உட்ராஃப் அதை ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அதில் நெஞ்சில் உள்ள அனாகதம் காற்றின் இடம். உடனே "நெஞ்சு, காற்று, நுரையீரல், சரியாகப் பொருந்துகிறதே" என்று தோன்றும். நம் சித்தர் மரபில் அஞ்செழுத்தை (ந, ம, சி, வ, ய) ஆதாரங்களில் வைக்கும் முறையைப் பாருங்கள். சுவாதிட்டானத்தில் நகரம் நிலம், மணிபூரகத்தில் மகரம் நீர், அனாகதத்தில் சிகரம் தீ, விசுத்தியில் வகரம் காற்று, ஆக்கினையில் யகரம் வெளி. இங்கே நெஞ்சில் இருப்பது நெருப்பு, காற்று தொண்டைக்குப் போய்விட்டது. இரண்டு மரபும் உறுப்பைப் பார்த்து வரைந்திருந்தால் இப்படி ஒரு பூதம் இடம் மாறியிருக்காது. தியானத்தில் எதை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் படங்கள் அவை.

மருந்து வேறு கணக்கு. ஆடாதோடை இலைக் குடிநீரை இருமலுக்கும் இரைப்புக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கிறோம். அந்த இலையில் உள்ள வாசிசின் என்ற சத்தை அடிப்படையாக வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து செய்யப்பட்டது. அனாகதம் தீயா காற்றா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கவனித்து, கொடுத்துப் பார்த்து வந்த அறிவு இது.

காவிரிக்கரை

நெஞ்சில் நெருப்பு என்பது எனக்குப் புதிய செய்தி. நன்றி டாக்டர். க்லோமம் பற்றித் தனி இழை தொடங்குங்கள்.

ஊசிமுனை

சீன மரபைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். அக்குபங்சர் படித்துச் சில வருடமாகச் செய்துவருகிறேன்.

அங்கே நுரையீரலுக்குத் தெளிவான பதவி உண்டு. ஹுவாங்தி நெய்ஜிங் நூலில் இதயம் அரசன், நுரையீரல் அமைச்சர். மற்ற உறுப்புகளுக்கெல்லாம் மேலே விரிந்திருப்பதால் அரசனின் தலைக்கு மேல் பிடிக்கும் குடை என்றும் சொல்வார்கள். பூதம் உலோகம், பருவம் இலையுதிர்காலம், நிறம் வெள்ளை, உணர்ச்சி துக்கம், ஜோடி பெருங்குடல். நுரையீரல் பாதையில் 11 புள்ளிகள்; தோளுக்குக் கீழே மார்பில் தொடங்கிக் கையின் உள்பக்கமாக ஓடிக் கட்டைவிரல் நகத்தடியில் முடியும். அதன் நேரம் அதிகாலை 3 முதல் 5 மணி வரை.

ஆஸ்துமாக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், மூச்சு முட்டி எழுந்து உட்காருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். நம் பிரம்ம முகூர்த்தமும் அதை ஒட்டியே வருகிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நெஞ்சக மருத்துவன்

ஊசிமுனை, அதிகாலை 4 மணி வாக்கில் ஆஸ்துமா மோசமாகும் என்பது உண்மை. எங்கள் வார்டில் இரவுப் பணி பார்த்த எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்துக்குள் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைந்திருக்கும், வேகஸ் நரம்பின் கை ஓங்கியிருக்கும், அதனால் கிளைக்குழாய்கள் சுருங்கும். சீனத்தில் இரவெல்லாம் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ இதைக் கவனித்திருக்கலாம். ஆனால் அதே பட்டியலில் ஒவ்வொரு உறுப்புக்கும் இரண்டு மணி நேரம் பங்கு பிரித்திருக்கிறார்களே, மற்றவையும் இப்படிப் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும் அல்லவா? ஒன்று பொருந்தியதை மட்டும் எடுத்துக்கொண்டால் எந்த அட்டவணையும் சரியாகத்தான் தெரியும்.

மல்லிகைப்பந்தல்

துக்கம் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. வீட்டுக்காரர் தவறிய பிறகு பல மாதம் என்னால் முழு மூச்சு இழுக்க முடியவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. பெருமூச்சு மட்டும் வந்துகொண்டே இருந்தது. சீனர்கள் துக்கத்தை நுரையீரலில் வைத்ததை நான் ஏற்கிறேன். மருத்துவப்படி இதற்கு விளக்கம் உண்டா?

நெஞ்சக மருத்துவன்

உண்டு அக்கா. துக்கத்திலும் பதற்றத்திலும் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடும், நெஞ்சுத் தசைகள் இறுகியே இருக்கும். முழு மூச்சு கிடைக்காத உணர்வு அதனால் வரும். அதைக் கற்பனை என்று யாராவது சொல்லியிருந்தால் அது தவறு.

பெருமூச்சு பற்றி ஒன்று சொல்ல ஆசை. கவலையே இல்லாதவர்களும் ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒரு முறை, தங்களுக்கே தெரியாமல், பெருமூச்சு விடுகிறார்கள். சாதாரண மூச்சில் சில நுண்ணறைகள் மெல்ல மெல்லச் சுருங்கி மூடிக்கொள்ளும். பெருமூச்சு அவற்றை மறுபடி விரிக்கிறது. நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே சோப்பு மாதிரி ஒரு பூச்சு சுரக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு அது போதாமல்தான் மூச்சுத் திணறுகிறது என்று 1959-இல் மேரி எலன் ஏவரி கண்டுபிடித்தார். பெருமூச்சு அந்தப் பூச்சையும் பரப்பிவிடும். செயற்கை சுவாசக் கருவிகள் வந்த புதிதில் ஒரே அளவாகக் காற்று செலுத்தியபோது நுரையீரல் ஆங்காங்கே சுருங்குவதைப் பார்த்து, நடுநடுவே பெருமூச்சு கொடுக்கும்படி கருவியை அமைத்தார்கள்.

உங்கள் உடம்பு அந்த மாதங்களில் தன் வேலையை விடாமல் பார்த்திருக்கிறது.

மல்லிகைப்பந்தல்

நன்றி டாக்டர் தம்பி. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பழைய ஏடுகள்

சித்த மருத்துவர் சொன்னதைத் தொட்டு வரலாற்றில் இரண்டு சம்பவங்கள். உடம்பை வெட்டிப் பார்ப்பதும் உயிரைத் தேடுவதும் எதிரெதிர் வேலைகள் என்று நாம் நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை.

முதலாவது, தயானந்த சரஸ்வதி. ஆரிய சமாஜம் தொடங்குவதற்கு முன், 1850களில், கங்கைக் கரையில் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் கையில் ஹடயோக நூல்கள் சில இருந்தன. ஆற்றில் ஒரு பிணம் மிதந்து வந்தது. இறங்கி இழுத்துக் கரையில் போட்டு, கத்தியால் கீறி, இதயத்தையும் மற்ற உறுப்புகளையும் எடுத்து நூலில் உள்ள சக்கர வர்ணனையோடு ஒப்பிட்டார். ஒன்றும் ஒத்துவரவில்லை. நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு சேர்த்து ஆற்றில் விட்டார். தன் வரலாற்றில் அவரே எழுதியது இது. அவருடைய நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த நூல்கள் பிணத்தின் வரைபடமாக எழுதப்பட்டவையா என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை என்பது என் எண்ணம். மூச்சு ஓடும்போது உள்ளிருந்து உணர்வதைச் சொல்லும் நூலுக்கு, மூச்சு நின்ற உடம்பில் சாட்சி தேடினார்.

இரண்டாவது இதற்கு நேர்மாறு. ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதுதான் வேதம்: இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ரத்தம் வலமிருந்து இடம் போகிறது. நுரையீரலுக்கு இதயத்தைக் குளிர்விக்கும் வேலை. அந்தத் துளைகளே இல்லை, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வருகிறது என்று 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இப்னு அல்-நஃபீஸ் எழுதினார். ஐரோப்பாவில் இதையே முதலில் அச்சிட்டவர் மைக்கேல் செர்வெட்டஸ், 1553-இல். அவர் அச்சிட்டது மருத்துவ நூலில் அல்ல, கிறிஸ்தவ சமயத்தைச் சீர்திருத்தும் நூலில்! இறைவன் ஊதிய உயிர்மூச்சு மனித ரத்தத்தில் எங்கே, எப்படிக் கலக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. காற்றும் ரத்தமும் சந்திக்கும் இடம் நுரையீரல், நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் அந்த உறுப்பை வளர்ப்பதற்கு மட்டும் என்றால் இவ்வளவு பெரிதாக இருக்கத் தேவையில்லை, அங்கே ரத்தத்தின் நிறமே மாறுகிறது என்று காரணங்களை அடுக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் ஜெனீவாவில் அவரை உயிரோடு எரித்தார்கள், நூலின் பிரதிகளையும் எரித்தார்கள். மூன்று பிரதிகள் மட்டும் பிழைத்தன. ஆங்கில மருத்துவர் ஹார்வி ரத்த ஓட்டத்தை முழுமையாகச் சொன்னது 1628-இல். நடுவில் இருக்கும் நுண்குழாய்களை 1661-இல் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வைத்து மால்பிகி பார்த்தார்.

உயிர்மூச்சு எங்கே கலக்கிறது என்று கேட்ட ஒரு பக்தனுக்கு நுரையீரல் வழி திறந்திருக்கிறது. ஆனால் அவர் கேட்டுவிட்டு நிறுத்தவில்லை, குழாயின் அளவைப் பார்த்தார். நீலவேணி வகுப்பில் இருக்கும் படத்தை வரைந்தவர் அதைப் பார்க்கவில்லை.

கவின் அம்மா

இவ்வளவு பெரிய விஷயங்களுக்கு நடுவில் என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். மகளுக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா. தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று ஒரு மூச்சுப் பயிற்சி முகாமுக்குக் கூட்டிப் போனோம். பெயர் வேண்டாம். இன்ஹேலர் போட்டால் பழகிவிடும், நுரையீரல் சோம்பேறியாகிவிடும், வலது நாசியைத் தூண்டினால் கபம் தானாகக் கரையும், எனவே பம்பை நிறுத்திவிடுங்கள் என்றார்கள். நிறுத்தினோம். அடுத்த மாதம் ஒரு நடுராத்திரி குழந்தைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இப்போது நன்றாக இருக்கிறாள். மூச்சுப் பயிற்சி அவளுக்குப் பிடித்திருக்கிறது, செய்கிறாள். தொடரலாமா?

நெஞ்சக மருத்துவன்

தொடரலாம், இன்ஹேலரோடு சேர்த்து. மெதுவான மூச்சுப் பயிற்சிகளால் ஆஸ்துமா உள்ளவர்களின் அன்றாட வாழ்க்கை கொஞ்சம் இலகுவாகிறது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. கிளைக்குழாய்ச் சுவரின் அழற்சியை அவை குறைப்பதில்லை. தடுப்பு இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டு அதைச் செய்கிறது. அது நேராக நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையில் கொடுப்பதைவிட மிகமிகச் சிறிய அளவே போதும். பழக்கம் ஆகாது, சோம்பேறியும் ஆகாது. ஸ்பேசர் குழாய் வைத்துப் போடுங்கள், போட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கும்பகம், அதாவது மூச்சை அடக்குவது, குழந்தைக்கு வேண்டாம். வேகமாக மூச்சை உதறும் பயிற்சிகளும் வேண்டாம்.

யோகா ஆசிரியர்கள் இந்த இழையைப் படிப்பதால் இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, "பிராணாயாமம் செய்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடும்" என்று சொல்லாதீர்கள். ஆரோக்கியமானவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 97, 98 சதவீதம் நிறைந்திருக்கிறது, அதற்கு மேல் ஏற்ற இடம் இல்லை. 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமம் தொடங்கிய சுவாமி குவலயானந்தரே இதைச் சோதனைக்கூடத்தில் அளந்து பார்த்துவிட்டு, பிராணாயாமத்தின் பலன் ஆக்சிஜனில் இல்லை என்றுதான் எழுதினார். மெதுவான மூச்சின் பலன் நரம்பிலும் இதயத்துடிப்பிலும் ரத்த அழுத்தத்திலும் தெரிகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில் அது நன்றாகவே தெரியும்.

இரண்டு, வேகமாக மூச்சு விடும்போது விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுப்பு வரும், தலை லேசாகும். சக்தி ஏறுகிறது என்று உற்சாகப்படுத்துகிறார்கள். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடி, மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதால் வருவது அது. அப்போது நிறுத்த வேண்டும். முக்கியமாக, அப்படிச் செய்துவிட்டுத் தண்ணீருக்குள் மூச்சடக்கப் போகவே கூடாது. மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும்.

தென்பொதிகை

மருத்துவர் சொன்னதைத் திருமூலரும் மறுக்க மாட்டார். 16 மாத்திரை (கால அளவு) இழுத்து, 64 அடக்கி, 32 விடுவது என்ற கணக்கு அவர் பாடலில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு முதல் நாளே 64 எண்ணத் தொடங்குகிறார்கள். மரபில் குரு பக்கத்தில் இருந்து, சிறிய அளவில் தொடங்கி, வருடக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போகும் வேலை அது. "காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாளர்க்குக் கூற்றை உதைக்கும் குறியது வாமே" என்பதில் எல்லோரும் கூற்றை உதைப்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்கு அறிந்தவருக்கு என்றுதான் சொல்லியிருக்கிறார்.

கணக்கு என்றதும் 21,600 நினைவுக்கு வருகிறது. ஒரு நாழிகைக்கு 360 மூச்சு, நாளுக்கு 60 நாழிகை. சிதம்பரத்தில் பொன்னம்பலக் கூரையின் ஓடுகள் 21,600, ஆணிகள் 72,000 என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். மருத்துவப்படி இது சரியா?

நெஞ்சக மருத்துவன்

நாழிகை 24 நிமிடம். அப்படியென்றால் நிமிடத்துக்கு 15 மூச்சு. வளர்ந்தவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. எனவே மிக நல்ல சராசரி, கையில் கடிகாரம் இல்லாத காலத்துக்கு வியப்பான கணக்கு. பிறந்த குழந்தைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் ஓடும்.

காவிரிக்கரை

12 விரற்கடை மூச்சு வெளியே போய், 8 மட்டும் உள்ளே திரும்புகிறது, 4 வீணாகிறது, அதனால்தான் ஆயுள் குறைகிறது என்பார்களே, அது?

நெஞ்சக மருத்துவன்

அளவாகப் பார்த்தால் வராது தம்பி. சாதாரண மூச்சு சுமார் 500 மில்லி. நாம் நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்சிஜன் எடுத்து 200 மில்லி கரியமில வாயு விடுகிறோம். ஆகவே உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கொஞ்சம் குறைவு, அதுவும் ஒரு மூச்சுக்கு 3 மில்லி வாக்கில். மூன்றில் ஒரு பங்கு தினமும் நஷ்டமானால் யாரும் மாலை வரை தாங்க மாட்டோம். ஆனால் மூக்குக்கு வெளியே கையை வைத்தால் விடும் மூச்சு தூரம் வரை தெரியும், இழுக்கும் மூச்சு அவ்வளவு தூரத்தில் தெரியாது. வெளியேறும் காற்று நேராகப் பாய்கிறது, உள்ளே போவது எல்லாப் பக்கமிருந்தும் வந்து சேர்கிறது. விரற்கடை என்று அளந்தவர்கள் இதைத்தான் கையால் உணர்ந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

தென்பொதிகை

விரற்கடை தூரத்துக்கான அளவுதான், கொள்ளளவுக்கானது அல்ல. நீங்கள் சொன்னது பொருத்தமாகவே படுகிறது. ஆயுள் கணக்கு பற்றி மட்டும் நான் இன்னும் சம்மதிக்கவில்லை. மெதுவாக மூச்சு விடும் ஆமையை உதாரணம் காட்டும் பாடம் எங்கள் ஆசிரியர் வழி வந்தது, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

நீலவேணி

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியரிடம் தனியாகப் பேசினேன். உடற்கூறு மேசை ஐயா சொன்ன மாதிரி மார்பெலும்பு மேட்டைத் தொட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, படத்தை இப்போதைக்கு எடுத்துவிடலாம், பதிலுக்கு நீயே ஒன்று வரைந்து வா என்றார். நுரையீரலுக்கு ஒரு படம், நாடிகளுக்கு வேறொரு படம் என்று இரண்டாக வரையப் போகிறேன். நாடிப் படத்தில் விலா எலும்போ நுரையீரலோ இருக்காது. ஒரே ஒரு சந்தேகம்: நுரையீரல் படத்தில் மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது எது?

உடற்கூறு மேசை

உதரவிதானம் அம்மா. நுரையீரலுக்குச் சொந்தமாக விரியும் தசை கிடையாது. கீழே இருக்கும் அந்தக் குடைத்தசை இறங்கினால்தான் காற்று உள்ளே வரும். பல படங்களில் அதை ஒரு மெல்லிய கோடாகப் போட்டு விட்டுவிடுகிறார்கள். வலப்பக்கம் கல்லீரல் இருப்பதால் அந்தப் பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி வரையுங்கள். இதயத்துக்காக இடது நுரையீரலில் இருக்கும் பள்ளத்தையும் மறக்காதீர்கள். வரைந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.